பிந்தி வந்த சேதி

ரிட்ரீட் என்றால் வாயையும் கண்ணையும் மூடிக்கொண்டு இருப்பது என்றுதான் சயந்தினி நினைத்திருந்தாள். அவள்மேல் பிழையில்லை. மெல்பேர்னில், ரோவில் பக்கத்தில் அவளுக்குத் தெரிந்த சனங்கள் போகிற ரிட்ரீட் எல்லாம் அப்படித்தான். வெள்ளை உடுப்பு, மௌனம், உப்பில்லாத சாப்பாடு, திரும்பி வந்து ஒரு கிழமைக்குக் காண்கிறவரையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டு திரிவது. ஆகவே அவளும் இரண்டு வெள்ளைச் சல்வாரை மடித்து வைத்துக்கொண்டு, ஜூலை மாதக் குளிரில், வெள்ளிக்கிழமை பின்னேரம், டண்டனோங் மலையில் இருந்த அந்தப் பழைய விடுதி வாசலில் ரூபனின் காரிலிருந்து இறங்கினாள். உள்ளே கால் வைக்கமுதலே சத்தம் காதைப் பிளந்தது.

"ஐயோ, ஆரோ அடிபடுகினம்."

"அடிபடவில்லை. படிக்கிறார்கள்," என்றான் ரூபன்.

இந்த ரூபன் நீங்கள் நினைக்கிற ரூபன் இல்லை. முதலில் ஏமாந்துபோனது இராஜேஸ்வரி அன்ரி. சயந்தினி வாடகைக்கு இருக்கும் பின்வீட்டின் சொந்தக்காரி அவர். "வேலையிடத்தில ரூபன் எண்டு ஒருத்தர்..." என்று இவள் வாயெடுத்ததுதான் தாமதம், அன்ரி குசினிக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எந்த ஊர்? கோண்டாவிலோ, கொக்குவிலோ? தகப்பன் என்ன செய்தவர்?" அவர் யூதர், மெல்பேர்னிலேயே பிறந்தவர் என்று சொன்னதும் அன்ரி கதிரையைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தார். பிறகு, "பண்டி சாப்பிடமாட்டினம், என்ன? அதுவரைக்கும் நல்லது," என்றார்.

இரண்டு பேருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. சயந்தினி இரத்தம் எடுக்கிறவள். எவ்வளவு ஒளிந்த நரம்பானாலும் இரண்டு விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவாள். ரூபன் விழுந்து எழும்பினவர்களுக்கு மறுபடி நடை பழக்குகிறவன். அவனுடைய மனைவி நேயோமி புற்றுநோயில் போய்ச் சில வருசம் ஆகிறது. மத்தியானம் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டுச் சாப்பிட்டு வந்த பழக்கம். அது எங்கே போய் முடிந்தது என்று கேட்டால், போன மே மாதம் அவன் நேராகவே கேட்டுவிட்டான், என்னைக் கலியாணம் செய்வீர்களா என்று. சயந்தினி கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். உடனே இல்லை என்று சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. கள்ளியல்லோ. அவளுக்கும் விருப்பம் இருந்தது. குளிர்காலத்தில் வேலை முடிந்து வந்து இருட்டு வீட்டுக் கதவைத் திறப்பது எவ்வளவு கொடுமை என்று தனிய இருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

"வருசா வருசம் போற உங்கட ரிட்ரீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றாள். "உங்கட ஆக்களையும் பாக்கிறன். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரேக்க பதில் சொல்லுறன்."

இரண்டு பேரும் பேசுவது இங்கிலீசில்தான். நாங்கள் தமிழில் கேட்டுக்கொள்வோம்.

பதில் சொல்லத் தடையாக இருந்தது ஒரே ஒரு ஆள். அவளுடைய புருசன் இளங்கீரன். புதுக்குடியிருப்பில் கணக்கு வாத்தியார். கலியாணம் முடித்து ஒன்றரை வருசம் ஆகமுதல், இரண்டாயிரத்து ஒன்பது மே மாதம், காணாமல் போனவர் என்று எல்லா இடத்திலும் பதிவாகியிருக்கிறவர். காணாமல் போனவருடைய பெண்சாதி என்ன சாதி? விதவையா? இல்லை. சுமங்கலியா? அதற்கும் ஆள் வேண்டுமே. ஆனால் சயந்தினி உச்சியில் குங்குமம் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். இளங்கீரனின் தாய் ஞானம்மாள் கிளிநொச்சியில், பிள்ளைகளைக் காணாமல் நீதி கேட்கிற மற்றத் தாய்மாரோடு தெருவோரக் கொட்டிலில் மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு இருக்கிறவர். "நீ பொட்டை அழிச்சா என்ர பிள்ளையை நீ கொன்றமாதிரி," என்று ஒருதரம் ரெலிபோனில் சொன்னவர். கோபத்தில் சொல்லவில்லை, கெஞ்சித்தான் சொன்னார்.

விடுதியில் முதல் நாளே சயந்தினி ஒரு வேலை பார்த்துவிட்டாள். வெள்ளி பொழுது பட்டதிலிருந்து சனி பொழுது படும்வரை அவர்களுக்கு ஓய்வுநாள். அந்த நேரத்தில் நெருப்பு மூட்டுவதில்லை, சுவிட்ச் தொடுவதில்லை என்று அந்தக் கூட்டத்தார் வைத்திருந்தார்கள். ரூபன் இதைக் காரில் விளக்கமாகச் சொல்லியிருந்தான். இவள் தலையாட்டிக்கொண்டு வெளியே மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பொழுது படமுதல் மெழுகுதிரி கொளுத்தி, பாட்டுப் பாடி, சாப்பாட்டுக்குமுன் கை கழுவ எல்லோரும் எழும்பி வெளியே போக, கடைசியாகப் போனவள் இவள். வெறும் மண்டபத்தில் எட்டு லைட் எரிந்துகொண்டிருக்கிறது, குளிருக்குக் கீற்றர் ஓடுகிறது, சூப் சட்டி வேறு கரண்டில் சுடுகிறது. எங்கள் வீடுகளில் வளர்ந்த கை சும்மா இருக்குமா? டக் டக் டக்கென்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் வந்தாள்.

திரும்பி வந்தால் இரண்டு மெழுகுதிரியும் நாற்பது சனமும். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. போட்டுவிடு என்று கேட்கவும் அவர்களுக்கு அனுமதியில்லையாம்; வெளியாள் தனக்கு வேண்டுமென்று தானாகப் போட்டால் மட்டும் சரியாம். ஒரு முதியவர் சுவரைப் பார்த்து, "கொஞ்சம் இருட்டாகத்தான் இருக்கிறது," என்றார். இன்னொருத்தி பெருமூச்சு விட்டு, "சூப் ஆறினால் என்ன, வாழ்க்கையில் எத்தனையோ ஆறிவிட்டது," என்றாள். சயந்தினிக்கு விளங்க இவ்வளவு நேரம் எடுத்தது. "கடவுளே, நான்தான்! எனக்கே ஒண்டும் தெரியேல்ல, எனக்கு லைட் வேணும்," என்று ஓடிப்போய்ப் போட்டாள். மண்டபமே கைதட்டியது. ரூபன் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். அவன் சிரிப்பதை அவள் அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். அப்போது அவள் மனதில் பதில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது என்றே சொல்லவேண்டும்.

அடுத்த நாள் காலை தொழுகை முடிந்து படிப்புத் தொடங்கியது. அவர்களுடைய படிப்புக்கு ஒரு முறை உண்டு. தனிய இருந்து படிக்கக்கூடாது. இரண்டு இரண்டு பேராக எதிரெதிரே இருந்து, ஒருவர் ஒரு வரியைச் சத்தமாக வாசிக்கவேண்டும், மற்றவர் அதை மறுத்துப் பேசவேண்டும், பிறகு மாறி மாறி. வாய்விட்டு வாசிக்காத வரி படித்த கணக்கில் இல்லை. நாற்பது பேர் இப்படி ஒரே நேரத்தில் தொண்டையைத் திறந்தால் மீன் சந்தைதான். ரூபனும் சயந்தினியும் ஒரு சோடி. கையில் இங்கிலீசில் அச்சடித்த தாள், பழைய காலத்துச் சட்டம் ஒன்று.

ரூபன்தான் முதல் வரியை வாசித்தான். ஒரு மனிதன் தண்ணீரில் விழுகிறான், பிறகு அவனைக் காணவில்லை. அவன் மனைவி வேறு கலியாணம் செய்யலாமா? நாலு பக்கமும் கரை தெரிகிற தண்ணீர் என்றால் செய்யலாம். ஏறியிருந்தால் கண்டிருப்பார்கள், ஆகவே செத்தான் என்று கொள்ளலாம். கரை தெரியாத தண்ணீர் என்றால் செய்யக்கூடாது. எங்கேயாவது கரையேறி உயிரோடு இருக்கக்கூடும்.

சயந்தினி தாளை மேசையில் வைத்தாள்.

"இதுதான் படிப்பெண்டு தெரிஞ்சுதான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ?"

ரூபன் பொய் சொல்லத் தெரியாதவன். "இரண்டு கிழமைக்கு முன்பு அனுப்பினார்கள். வாசித்தபோது உங்களைத்தான் நினைத்தேன். சொல்லப் பயமாக இருந்தது."

"நல்லது. தீர்ப்பு எழுதிக் கையில தந்தால் நான் ஓமெண்டு சொல்லுவன் எண்டு நினைச்சனீங்கள்."

"அப்படியில்லை. கேட்கிற தைரியம் எனக்கு ஒருதரம்தான் வந்தது. இதைச் சொல்ல இரண்டாந்தரம் வரவில்லை. அவ்வளவுதான்."

எழும்பி வெளியே விறாந்தைக்குப் போனாள். கோபம் வந்தது உண்மை, ஆனால் கோபத்துக்குக் கீழே இருந்தது வேறு. நாலு பக்கமும் கரை தெரிகிற தண்ணீர். யுத்தத்தின் கடைசியில் அவர்கள் இறங்கிய நந்திக்கடல் அப்படிப்பட்ட தண்ணீர்தான். அன்றைக்கு விடிகிற நேரம், கழுத்தளவில், ஆயிரக்கணக்கில் சனம் நடந்து கடந்தது. அவள் கையை இளங்கீரன் பிடித்திருந்தான். பின்னால் ஒரு கிழவி தாழ்கிறேன் என்று கத்தினாள். "நீ நட, நான் இந்தா வாறன்," என்று கையை விட்டுவிட்டுத் திரும்பினான். செல் விழுந்து வெடித்தது. தண்ணீர் எழும்பி அடங்கியது. அவன் தலை தெரிந்த இடத்தில் அவன் தலை இல்லை. அவள் அங்கேயே நின்று பார்த்தாள். கிழவி இல்லை, அவனும் இல்லை. பின்னால் வந்த சனம் அவளைத் தள்ளிக்கொண்டு போய்க் கரையில் விட்டது.

அகதி முகாமில் ஒரு மேசை போட்டு, ஒவ்வொருவராகப் பதிந்தார்கள். புருசன் எங்கே என்று கேட்டார்கள். "பின்னால வாறார்," என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள்? அவன் அப்படித்தானே சொல்லிவிட்டுப் போனான். அந்த ஒரு சொல்லிலிருந்துதான் அவன் காணாமல் போனவன் ஆனான். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஞானம்மாள் பதினாறு வருசமாக மகனைத் தேடிக்கொண்டு இருக்கிறார். இதை இவள் யாரிடமும் சொன்னதில்லை. இரவில் தலையணைக்குக்கூடச் சொன்னதில்லை.

குளிர் தாங்காமல் உள்ளே வந்தாள். ரூபன் அதே இடத்தில் அதே தாளோடு இருந்தான். "மிச்சத்தையும் வாசிப்பம்," என்றாள். "என்னதான் சொல்லுது எண்டு பாப்பம்."

இந்தத் தடவை வாசிக்கிற முறை அவளுடையது. சாட்சியைப் பற்றிய பகுதி. மற்ற வழக்குகளுக்கு இரண்டு சாட்சி வேண்டும், இதற்கு ஒருவர் போதும். அப்படியொருவரும் இல்லையென்றால் மனைவியே வந்து சொன்னாலும் போதும். வேறு பத்திரம் வேண்டாம், உடல் வேண்டாம். "அவள் வந்து சொல்கிறாள்..." என்றுவரை சயந்தினி வாசித்தாள். அடுத்து மேற்கோள் குறிக்குள் மூன்றே மூன்று சொல். என் கணவர் இறந்துவிட்டார்.

வாயில் வரவில்லை. வெறும் பாடம்தான், யாரோ ஒரு காலத்து யாரோ ஒருத்தி சொன்னது, அதைத் திருப்பிச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் விரல் அந்த வரிக்குக் கீழேயே நின்றது. அரசாங்கம் சொல்லவேண்டும், ஆமி சொல்லவேண்டும், ஐநா சொல்லவேண்டும் என்று அவள் ஊர்வலங்களில் அட்டை பிடித்திருக்கிறாள். கடைசியில் கேட்கப்படுவது இவள் வாய்ச்சொல்தானாம்.

"நான் வாசிக்கட்டுமா?" என்றான் ரூபன் மெதுவாக.

"வேண்டாம்."

அந்த வரியை ஒருவரும் வாசிக்கவில்லை. அதற்குள் ராபை ஷுலமித், படிப்பை நடத்துகிற பெண் குரு, மேசையில் தட்டி எல்லோரையும் ஒன்றாகக் கூட்டினார். வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டிய, குரல் பெரிதான பெண். "மனைவி சொன்னால் அப்படியே நம்பினார்கள், ஏன்?" என்று கேட்டார். "அவளைக் கட்டிப்போட்டு வைக்க அவர்களுக்கு மனமில்லை, அதனால். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். அவள் சொல்லை நம்பி இன்னொருவனைக் கலியாணம் முடித்த பிறகு முதல் கணவன் உயிரோடு வந்து நின்றால், அவள் இரண்டு பேரையும் விட்டுவிட்டுப் போகவேண்டும். ஆகவே அவள் நன்றாக விசாரித்துத்தான் வாய் திறப்பாள் என்று நம்பினார்கள்."

மண்டபம் கொதித்தது. அநியாயம் என்றார்கள், பெண்களுக்கு மட்டும் தண்டனையா என்றார்கள். ஒருவர் எழும்பி நின்று கத்தினார். அந்தச் சத்தத்துக்குள் சயந்தினி பேசியது அவளுக்கே தெரியாது.

"விடட்டுமே. இரண்டு பேரையும் விடட்டும். அவர் வந்தால் அது போதாதோ? ஒரு நாளைக்கு, ஒரு நேரச் சாப்பாட்டுக்கு வந்திட்டுப் போனாலும் காணும். வேற என்ன வேணும் அவளுக்கு?"

முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு மரியாதையாகப் பார்வையை எடுத்துக்கொண்டார்கள். ரூபன் தாளை நாலாக மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். இரண்டு பேரில் ஒருவன் தான் என்பது அவனுக்கு விளங்காமலா இருக்கும்? அன்றைக்கு முழுக்க அவன் அன்பாகத்தான் இருந்தான். சூப்போடு பாண் வெட்டிக் கொடுத்தான், போர்வை எடுத்துவந்தான். சயந்தினிக்கு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நாசமாய்ப் போன வாய் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஞாயிறு காலமை ரெலிபோன் அடித்தது. ஞானம்மாள் மாமி. அங்கே இன்னும் விடியவில்லை, ஆனால் மாமி விடியமுன் எழும்பிச் சாமிக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் எடுப்பார். ஒவ்வொரு ஞாயிறும் அதே கேள்வி.

"பிள்ளை, ஏதும் தெரிஞ்சதோ?"

"இல்லை மாமி."

"ஆரோ வெளிநாட்டுக்காரர் வந்தவை. படத்தைக் காட்டினனான். சிரிச்ச முகம் எண்டு சொன்னவை. அவன் சிரிச்ச முகம்தானே பிள்ளை?"

"ஓம் மாமி. சிரிச்ச முகம்தான்."

ரெலிபோனை வைத்துவிட்டு அவள் பின்விறாந்தையில் நின்றாள். கொஞ்ச நேரத்தில் ரூபன் வந்தான். பைகளைக் காரில் ஏற்றியாகிவிட்டது, போகலாமா என்று கேட்க வந்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கார்ச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அவர் செத்துப்போனார், ரூபன்," என்றாள் சயந்தினி. "நான் பாத்தனான். என்ர கண்ணுக்கு முன்னால. கரையெல்லாம் தெரியிற தண்ணிதான். எனக்கு அண்டைக்கே தெரியும்."

சொல்லிவிட்டாள். விறாந்தைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

ரூபன் அவளுக்குப் பக்கத்தில் வந்து நின்றான். பிறகு, "எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது," என்றான். "ஆள் இறந்தால் ஏழு நாள் துக்கத்தில் தரையோடு உட்கார்ந்திருப்போம். நேயோமிக்கு நான் இருந்தேன். ஆனால் சேதி பிந்தி வந்தால், ஒரு மாதத்துக்குப் பிறகு வந்தால், ஒரு மணித்தியாலம்தான். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத் தரையில் இருக்கவேண்டும். ஒரு மணித்தியாலம் முடிய எழும்பிவிடவேண்டும். உங்களுக்கு இது கட்டாயமில்லை. வேண்டுமென்றால் இரவலாக எடுத்துக்கொள்ளுங்கள்."

சயந்தினி சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினாள். விறாந்தைப் பலகையில், சுவரோடு சாய்ந்து, வெறுங்காலோடு இருந்தாள். ரூபன் கொஞ்சம் தள்ளிப் படியில் இருந்தான். துக்க வீட்டில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக்கூடாது என்பதும் அவர்கள் வழக்கம்தான்.

முதலில் அவளுக்கு ஒன்றும் வரவில்லை, கால்தான் விறைத்தது. பிறகு இளங்கீரன் வந்தான். சோற்றுக் கோப்பையில் கடைசிப் பிடியை அவளுக்கென்று ஒதுக்கி வைப்பவன். இந்தா, இதைச் சாப்பிட்டால்தான் எனக்குச் செமிக்கும் என்பவன். கிணற்றடியில் சுருதி இல்லாமல் பாடுபவன். பள்ளிக்கூடத்தால் வந்ததும் கையில் சோக்குத்தூளோடு அவள் கன்னத்தைத் தொட்டு வெள்ளையாக்குபவன். எங்கே, எப்போது, எந்த முகாம், எந்த இலக்கம் என்று எவ்வளவோ பேருக்கு அவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். சோக்குத்தூளை ஒருவருக்கும் சொல்ல இடம் வரவில்லை. அவள் அழத் தொடங்கினாள். சத்தம் போட்டு, மூக்கு ஒழுக, எங்கள் ஊர்ச் சாவீட்டில் அழுவதுபோலவே அழுதாள். உள்ளே புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் கதவை மெல்லச் சாத்தினார்கள்.

நேரமாயிற்று. ரூபன் எழும்பி அவள் முன்னால் வந்து கையை நீட்டினான். இருந்தவரைக் கைகொடுத்து எழுப்புவதும் வழக்கம்தானாம். அவனுக்கு அது தொழிலும்கூட. எத்தனை பேரை அந்தக் கை எழுப்பி நடக்கவிட்டிருக்கிறது.

சயந்தினி அந்தக் கையைப் பார்த்தாள். பிடிக்கவேண்டும்போலத்தான் இருந்தது.

"உங்களை எனக்கு விருப்பம், ரூபன். அது பொய்யில்லை."

"தெரியும்."

"இவ்வளவு காலமும் பின்னால வாறார் எண்டு சொல்லிச் சொல்லி நான் ஒருநாளும் அழேல்ல. அவர் இப்பதான் செத்தவர். ஒரு மணித்தியாலத்துக்கு முன்னம்தான். அதுக்குள்ள எப்பிடி நான் எழும்புறது?"

ரூபனின் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு மடங்கியது. அவன் தலையை ஆட்டினான். கண் சிவந்திருந்தது. தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவள் காலுக்குப் பக்கத்தில் வைத்தான். "விடுதியில் இன்னும் ஒரு நாளைக்கு அறை கேட்கிறேன். உங்களுக்கு மட்டும்," என்றான். "நாளைக்கு யாரையாவது வந்து கூட்டிப்போகச் சொல்லட்டுமா?"

"இராஜேஸ்வரி அன்ரிக்கு ரெலிபோன் எடுத்துச் சொல்லுங்கோ. அவ வருவா."

அவன் உள்ளே போனான். பிறகு முன்பக்கம் கார் கிளம்புவது கேட்டது. சயந்தினி முழங்காலைக் கட்டிக்கொண்டாள். விறாந்தையில் ஒருவரும் இல்லை.

"இஞ்சேருங்கோ," என்று, அந்த நாளில் இளங்கீரனைக் கூப்பிடுகிறமாதிரியே கூப்பிட்டாள்.